காலை ஆறிலிருந்து ஆறு நாற்பது வரை காபி

கண்ணு,

"புது வீட்டுக்கு காபி மேக்கர் எது வாங்கலாம்னு ரெண்டு வரில சொல்லுங்கம்மா" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய். அதற்குக் கீழேயே ஒரு படமும் அனுப்பியிருந்தாய். எண்கள் போட்ட கறுப்பு நிறப் பூட்டு. பொங்கலுக்கு வரும்போது அதை நம் வாசல் கதவில் மாட்டிவிடப் போவதாகவும், அதன் பிறகு புனேயில் இருந்தபடியே போனில் கதவைத் திறக்கவும் மூடவும் உன்னால் முடியும் என்றும் எழுதியிருந்தாய். முதல் விஷயத்தில் என் அபிப்பிராயத்தைக் கேட்டாய். இரண்டாவதில் கேட்கவில்லை. நான் இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன், அதனால் இரண்டு வரியில் முடியாது. உன் மனைவியும் படிக்கட்டும். வேறு நான்கு பேர் படிக்க நேர்ந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை; என் வயதுப் பெண்கள் சிலருக்கு இது உபயோகப்படலாம். அதற்காகத்தான் நம் குடும்பத்தார் பெயர் எதையும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

மெஷினின் அளவிலிருந்து ஆரம்பிக்கிறேன். பத்துக் கப், பன்னிரண்டு கப் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அவர்கள் சொல்லும் கப் சின்னது. அதற்காகப் பெரிய மெஷினாக வாங்கினாலும் தப்பாகிவிடும். இரண்டு பேருக்கான தூளைப் பெரிய வடிகூடையில் போட்டால் அது அடியில் மெல்லிசாகப் பரவிக் கிடக்கும். வெந்நீர் அதில் நின்று ஊறாமல் ஓடிவிடும். நிறம் இருக்கும், சாரம் இருக்காது. உங்கள் இருவருக்கும் நான்கு கப் போதும், விருந்தாளி வருவார்கள் என்றால் ஆறு கப். சூடான தட்டின் மேல் கண்ணாடி ஜாடி உட்கார்ந்திருக்கும் வகையை நீ எனக்கு வாங்கிக் கொடுத்தாய். அதில் அரை மணி நேரத்துக்கு மேல் விட்டால் காபி தட்டிலேயே வெந்து கசந்துவிடுகிறது. ஃபிளாஸ்க் போல எவர்சில்வர் ஜாடி உள்ளதாகப் பார். கடையிலேயே ஒரு முறை வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டச் சொல். இறங்குகிற தண்ணீரில் நன்றாக ஆவி பறக்க வேண்டும். இதற்கெல்லாம் கூச்சப்படாதே. ஓட்டிப் பார்க்காத எந்த மெஷினையும் உன் அப்பா பெரியநாயக்கன்பாளையம் பட்டறைக்குள் ஏற்றியதில்லை.

என் சமையலறைக்கு இந்த மெஷின் எப்படி வந்தது என்பது உனக்குத் தெரியும். ஆனால் நீ தெரிந்துகொண்டது பக்கத்து வீட்டுக்காரர் போனில் சொன்ன கதை. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பேப்பரோடு கூடத்தில் உட்கார்ந்தேன், தூங்கிவிட்டேன். பால் வற்றி, பாத்திரம் கருகி, அதன் பிடி உருகி, புகையைப் பார்த்து அவர்கள் கதவைத் தட்டிய பிறகுதான் எழுந்தேன். நான் மறந்தேன். அது ஒரு தரம்தான் என்று சொல்லவும் முடியாது. அதற்கு முன்பு ஒரு தரம் வெறும் வாணலி காய்ந்தது, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நீ அடுத்த வாரமே வந்து கேஸ் இணைப்பை எடுத்துவிட்டாய். இரண்டு வேளைச் சாப்பாடு கேரியரில் வருகிறது. கெட்டிலாவது வாங்கிக் கொடு, என் பழைய ஃபில்டரில் டிகாக்ஷன் போட்டுக்கொள்கிறேன் என்றேன். கொதிக்கிற தண்ணீரைத் தூக்கி ஊற்றும்போது கை நடுங்குமே என்றாய். நடுங்குகிறது, உண்மைதான். ஆக மெஷின் வந்தது. பாலுக்கு, தானே நின்றுவிடும் மைக்ரோவேவ் வந்தது. இதுவரைக்கும் எனக்கு உன்மேல் குறை எதுவும் இல்லை. ஆனால் ஒன்றை நீ யோசித்துப் பார்க்க வேண்டும். சமைப்பது போன பிறகு இந்த வீட்டில் என் கையால் நான் செய்கிற காரியம் காபி ஒன்றுதான்.

மெஷினோடு நீ அந்த வெள்ளை நிறப் பிளக்கையும் கொண்டுவந்தாய். சுவரில் அதைச் செருகி, அதற்குள் மெஷினைச் செருகினால், கரண்டு வருவதும் போவதும் உன் போனில். காலை ஆறிலிருந்து ஆறு நாற்பது வரை. பிற்பகல் மூன்றரையிலிருந்து நாலு பத்து வரை. டாக்டர் எனக்கு ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் காபிதான் என்று சொன்னதையும் அடுப்பு விஷயத்தையும் சேர்த்து நீ போட்ட திட்டம் அது. அன்றைக்கு உன் மாமனாரும் மாமியாரும் பல்லடத்திலிருந்து என்னைப் பார்க்க வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நீ அவருக்குப் போனைக் காட்டி விளக்கினாய். அவர் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டார்.

"அட, இதேதானுங்க மாப்பிள்ளை நம்ம கோழிப் பண்ணைலயும் போட்டிருக்கறேன். நேரத்துக்கு லைட்டு, நேரத்துக்குத் தண்ணி. எங்க இருந்தாலும் போன்லயே பாத்துக்கலாமுங்க. ஒரு தொந்தரவும் இல்ல."

"கோழி ஒண்ணும் சொல்றதில்லீங்களா?" என்று உன் மாமியார் கேட்டார். நல்ல மனுஷி, என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

"அது என்னத்தச் சொல்லும்? தீனி வந்தாச் செரி."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். நீ என் பக்கம் திரும்பி, "என்னங்கம்மா, செரிதானுங்களே? எனக்குத் தெரியாம இத மாத்திரக் கூடாது, ஆமா," என்றாய். "நீ சொன்னாச் செரி கண்ணு. மாத்த மாட்டேன்," என்றேன். சம்பந்தி வீட்டார் எதிரில் மகன் பேச்சை ஒரு தாய் மறுத்தால் அது மகனுக்குக் குறைச்சல். அவர்கள் வீடு திரும்பி, மாப்பிள்ளை பேச்சு அவங்க ஊட்டிலேயே எடுபடறதில்லை என்று பேச நான் இடம் கொடுக்க மாட்டேன். என் மாமியார் அப்படித்தான் நடந்துகொண்டார், நானும் அப்படித்தான். அவர்கள் போன பிறகு உன்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீ அவர்கள் காரிலேயே ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிட்டாய்.

மெஷினுக்குத் தூள் விஷயம் தனி. முதல் நாள் நான் வழக்கமாக வாங்கும் சிக்கரி கலந்த நைஸ் தூளையே போட்டேன். பேப்பர் ஃபில்டரில் அது சேறு மாதிரி அடைத்துக்கொண்டது. மேலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, கீழே இறங்க வழியில்லை. கூடை நிரம்பி வழிந்து மேடையெல்லாம் காபி. அணைக்கவும் பயம், ஆறு நாற்பதுக்குள் இன்னொன்று போட முடியுமா என்றும் பயம். முடியவில்லை. மறுநாள், வேலைக்கு வரும் பழனியம்மாளைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் டவுன்ஹால் பக்கம் காபி அரைக்கும் பாய் கடைக்குப் போனேன். சிக்கரி இல்லாமல், ரவை பதத்துக்கு அரைத்துத் தரச் சொன்னேன்.

"ஏனுங்கம்மா, காபி போடவா, உப்புமாக் கிண்டவா?"

"மெஷினுக்குங்க பாய்."

"மெஷினுக்கு நைஸாப் போட்டாச் செரிக்காதுங்களா?"

"செரிக்காம நேத்து வாந்தி எடுத்துருச்சுங்க," என்றாள் பழனியம்மாள்.

பாய் சிரித்துக்கொண்டே அரைத்தார். நடுவில் நிறுத்தி ஒரு சிட்டிகை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "தேச்சுப் பாருங்கம்மா. கைக்கு நெறுநெறுன்னு தெரியோணும், குத்தக் கூடாது. இந்தப் பதமுங்களா?" அந்தப் பதம்தான். புனேயில் நீ கடைக்காரரிடம் சொல்ல வேண்டியதும் அதுதான். சிக்கரி இல்லாவிட்டால் பாலில் சுவை நிற்காதே என்று உன் மனைவி கேட்பாள். தூளைக் கூட்டிப் போட்டால் நிற்கும். பால் காபிக்கு ஒரு டம்ளர் தண்ணீருக்கு நான்கு டேபிள்ஸ்பூன் தூள், கத்தியின் முதுகால் நிரவி. கான்வென்ட்டில் சமையல் வகுப்பு எடுத்த சிஸ்டர், நாங்கள் குவித்து அள்ளினால் கரண்டியாலேயே விரல் முட்டியில் தட்டுவார். இன்றைக்கும் எனக்குக் குவித்து அள்ள வராது. பேப்பர் ஃபில்டரை முதலில் வெந்நீரில் நனைத்துவிடு, இல்லாவிட்டால் காகித வாசனை வரும். பாலை முன்னாலேயே சுட வைத்துக்கொள், டிகாக்ஷன் காத்திருக்கக் கூடாது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறுவாணித் தண்ணீர் வருகிற நாட்களில் பிடித்து வைத்த தண்ணீரை மட்டும்தான் நான் மெஷினில் ஊற்றுவேன். ஒரு வாரம் குழாயில் வராமல் போர் தண்ணீரை ஊற்றினேன்; உள்ளே வெள்ளையாக உப்புப் படிந்து, தண்ணீர் முக்கி முனகி இறங்க ஆரம்பித்தது. அப்படியானால் பாதி வினிகர் பாதி தண்ணீர் ஊற்றி ஒரு தரம் ஓட்டி, பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு தரம் ஓட்ட வேண்டும். எனக்கு இதற்கு மூன்று நாள் பிடித்தது. ஏனென்றால் என் நாற்பது நிமிஷத்தில் காபியும் போட்டாக வேண்டும். உன்னிடம் போன் செய்து கூடுதலாக ஒரு மணி நேரம் கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. இந்த வீட்டில் மெஷின் கழுவ நான் யாரிடமும் நேரம் கேட்டதில்லை.

ஒரு தரம் மட்டும் கேட்டேன். அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு நாள் பதினொரு மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. என்னோடு கான்வென்ட்டில் பத்து வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், பொள்ளாச்சிக்காரி, கண் ஆஸ்பத்திரிக்கு வந்தவள் சொல்லாமல் கொள்ளாமல் என்னைப் பார்க்க வந்துவிட்டாள். நான்கு வருஷமாகப் பார்க்காதவள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் போய் மெஷினில் தண்ணீர் ஊற்றினேன், தூள் போட்டேன், சுவிட்சைத் தட்டினேன். பிறகு உனக்குப் போன் செய்தேன். ஞாபகம் இருக்கிறதா? "மீட்டிங்ல இருக்கறேனுங்கம்மா. முடிச்சுபோட்டு ஆன் பண்ணறேன்," என்றாய். கூடத்துக்கு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். என் மகன் போனில் கரண்டைத் திறந்துவிட்டால்தான் உனக்குக் காபி என்று அவளிடம் சொல்ல முடியுமா? "கரண்டு இல்ல அம்மணி, காத்தால இருந்தே இல்ல," என்றேன்.

எங்கள் தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் ஒரு தரம் மேலே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஆமாமா, எங்கூர்லயும் இப்பிடித்தான். நேரங்காலமே இல்லாம எடுத்துபோடறாங்க," என்றாள். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவள் சேலைத் தலைப்பு காற்றில் பறந்துகொண்டே இருந்தது. அது பறப்பது எனக்குத் தெரியக் கூடாது என்று அவள் அதைக் கையால் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்த தடவ வாரப்ப ஃபிளாஸ்குல நானே கொண்டாந்துபோடறேன். ரெண்டு பேரும் குடிக்கலாம்," என்றாள். குத்திப் பேசவில்லை. அவள் குத்திப் பேசியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். மத்தியானம் ஒன்று பத்துக்கு நீ போனில் கரண்டைத் திறந்தாய். யாருமில்லாத சமையலறையில் மெஷின் தானாகக் களகளவென்று ஓட ஆரம்பித்தது. நான் கூடத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினாய். நானும் பதிலுக்கு ஒன்று அனுப்பினேன்.

சமையல் மேடையில் இன்னொரு பிளக் பாயிண்ட் இருக்கிறது, ஒரு சாண் தள்ளி. பழனியம்மாள் அன்றைக்குச் சாயங்காலம் அதைக் காட்டிக் கேட்டாள். "ஏனுங்கம்மா, இதப் புடுங்கி அதுல சொருவுனா ஆகாதுங்களா?" ஆகும். ஒரு நிமிஷ வேலை. உனக்குத் தெரியக்கூடப் போவதில்லை. ஆனால் மாற்ற மாட்டேன் என்று நான் வாய் திறந்து சொல்லியிருக்கிறேன், அதுவும் பெரியவர்கள் இரண்டு பேர் எதிரில். கொடுத்த வாக்கை ஆளில்லாத நேரத்தில் மீறுகிறவளாக என்னை யாரும் வளர்க்கவில்லை. அவளுக்கு இது புரியவில்லை. "உங்க ஊடு, உங்க கரண்டு," என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். என் வீட்டில் நான் திருட்டுக் காபி குடிக்க வேண்டும் என்றால் அது எனக்கு வேண்டாம். திருட்டுக் காபி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதை ஒருவரைக் குடிக்க வைத்தவள் நான்.

உன் அப்பா நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிய பிறகு, டாக்டர் காபியை ஒரு டம்ளராகக் குறைக்கச் சொன்னார். நான் தூள் டப்பாவை வெள்ளிச் சாமான் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். லீவுக்கு வந்தபோது அதைப் பார்த்து, "அப்பாவ நல்லாப் பாத்துக்கறீங்கம்மா," என்று என்னை மெச்சினாய். உனக்குத் தெரியாதது இது. பிற்பகலில் அவர் நடக்கப் போகிறேன் என்று கிளம்புவார். தெருமுனை பேக்கரியில் காபி குடிக்கிறார் என்று ஒருத்தி வந்து சொன்னாள். நான் நேராகப் போனேன். கல்லாவில் இருந்தவரிடம், "எங்கூட்டுக்காரர் வந்து கேட்டா காபி கொடுக்காதீங்க. ஒடம்புக்கு ஆகாதுங்க," என்று கண்டிப்பாகச் சொன்னேன். நாலைந்து பேர் நின்று பப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். உன் அப்பா உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் கவனிக்கவில்லை. அவர் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். "வா அம்மணி, ஊட்டுக்குப் போலாம்," என்றார். பத்துப் பேருக்கு வேலை கொடுத்த மனுஷர். அதற்குப் பிறகு அந்தப் பேக்கரிப் பக்கம் போகவில்லை, நடக்கப் போவதையும் நிறுத்திவிட்டார். வீட்டில் நான் கொடுக்கும் ஒரு டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த வருஷக் கடைசியில் போய்விட்டார்.

அவர் உடம்புக்காகத்தான் பூட்டினேன் என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். முழுப் பொய் இல்லை. ஆனால் என்னைக் கேட்காமல் அந்த வீட்டில் எதுவும் நடக்காது என்பது எனக்குப் பிடித்திருந்தது. இடுப்பில் அந்தச் சாவி உறுத்தும்போதெல்லாம் நான் ஒழுங்காக இருக்கிறேன் என்று ஒரு திருப்தி வரும். ஒரு நாளாவது அவரிடம் பேசியிருக்கலாம். ஒரு டம்ளரைக் காலையில் அரை, சாயங்காலம் அரை என்று பிரித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கலாம். அவர் ஒத்துக்கொண்டிருப்பார். நான் கேட்கவே இல்லை. இப்போது ஆறு மணிக்காக ஐந்தே முக்காலுக்கே சமையலறையில் போய் நிற்கும்போது அவர் ஞாபகம்தான் வருகிறது. நீ இதை அந்தப் பிளக் கம்பெனியிடம் கற்றுக்கொள்ளவில்லை கண்ணு. என்னிடம் கற்றுக்கொண்டாய். அதனால் உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை, சொல்லத்தான் முடியும்.

கேஸ் திரும்ப வேண்டாம். அதை நானே சொல்கிறேன். இரண்டு டம்ளருக்கு மேல் குடிக்க மாட்டேன், அது என் வாக்கு. மெஷினில் வேலை முடிந்தால் தானே அணையும் வகை இருக்கிறது என்று பழனியம்மாளின் மகள் போனில் தேடிக் காட்டினாள். நீங்கள் வாங்கும்போது அந்த வகையாகப் பார்த்து எனக்கும் ஒன்று வாங்கி வா. அதைச் சுவரில் நேராகச் செருகலாம். எந்நேரம் காபி என்பது எனக்கும், வந்தவர்களுக்கும் உள்ள விஷயம். வாசல் கதவுக்குப் பூட்டு வேண்டாம். ஆஸ்பத்திரி அவசரத்துக்கு என்றால் பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து வைக்கிறேன். என் வீட்டுக் கதவு திறக்குமா என்று நான் நின்று பார்க்கும் நாள் வர வேண்டாம். காபிக்கு நின்றது போதும்.

இதையெல்லாம் நேரில் சொல்லாமல் எதற்கு இத்தனை பக்கம் என்று கேட்பாய். பொங்கலுக்கு உன் மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். நீ பூட்டை எடுத்து மேஜைமேல் வைப்பாய். அவர் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, நல்லாருக்குங்க மாப்பிள்ளை என்பார். நீ என் பக்கம் திரும்பிக் கேட்பாய். என்னை எனக்குத் தெரியும். எழுபத்தெட்டு வயதில் மாற மாட்டேன். அவர்கள் எதிரில் நான் "நீ சொன்னாச் செரி கண்ணு" என்றுதான் சொல்வேன், சிரித்துக்கொண்டே சொல்வேன், பிறகு சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு அந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். அதனால் பூட்டைப் புனேயிலேயே வைத்துவிட்டு வா. அந்த வெள்ளைப் பிளக்கை அவர்கள் வருவதற்கு முன்பு நீயே கழற்றிவிடு; மாமனார் கேட்டால் நீயாகத்தான் கழற்றினாய் என்று சொல், நானும் ஆமாம் என்பேன். ஒருவேளை இதையெல்லாம் படித்த பிறகும் நீ என்னைச் சபையில் வைத்துக் கேட்டு, நான் செரி என்று சொன்னால், அதை நம்பாதே.

அம்மா